ஏழாம் நம்பர் கேட்டில் பதில் இல்லை

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றும் டில்லிபாபுவோடு சண்டை. காலை கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்தது, பிரஸ் ஷாப்பில் மணி அடிக்கும்வரை ஓடியது. சண்டை ஷிப்டைப் பற்றியோ லீவைப் பற்றியோ இல்லை. ஒரு பாட்டில் ஒரு பெண் பதில் சொல்கிறாளா இல்லையா என்பதைப் பற்றி. கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

'லெவல் கிராசிங்' பசங்களின் 'கலங்கல்' ஆல்பம் வந்து ஒரு மாதம் ஆகிறது. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த நாலு பேர். நாலு வருஷத்துக்கு முன்னால் மூன்று பாட்டு போட்டார்கள், அன்றிலிருந்து நான் அவர்கள் ஆள். இது எட்டுப் பாட்டு, ஐம்பத்தோரு நிமிஷம். வீட்டில் ஷோபனா ஒருநாள் கேட்டாள், இது என்ன வகைப் பாட்டுங்க என்று. பாட்டு ஒரே இடத்தில் நிற்காது, தாளம் நடுநடுவே மாறும், ஆனால் ட்யூன் மட்டும் வாயை விட்டுப் போகாது என்றேன். "அதுக்கு எதுக்குப் பதினாலு நிமிஷம்?" என்றாள். கடைசிப் பாட்டைச் சொல்கிறாள். ஏரி நிறைந்து கலங்கல் வழியாக வழிவது நாலு நிமிஷத்தில் நடக்கிற காரியமா? அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு கேட்கிற கேள்வியா அது?

சண்டை ஆறாவது பாட்டில். 'ஏழாம் நம்பர் கேட்'. ரயில்வே கேட் மூடியிருக்கிறது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. இந்தப் பக்கம் நிற்கிற ஒருவன், கடைசி மூன்று நிமிஷத்தில், அந்தப் பக்கம் பார்த்து ஏழு தடவை கேட்கிறான்: "நிக்கிறியா?" பதில் இல்லை. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஏழு தட்டு காலியாகப் போகிறது. அந்தக் காலிதான் பாட்டே.

டில்லி சொல்கிறான், "இன்னா ஒளர்ற மச்சான். அந்தப் பொண்ணுதான் நிக்கிறேன் நிக்கிறேன்னு சொல்லிகினே கீதே. அவன் எங்கடா கேக்குறான்? அது தனியா பொலம்புது."

பதினாறு வருஷமாக ஒரே ஷாப்பில் இருக்கிறோம். நான் தகடு வெட்டுகிற பிரஸ்ஸின் ஆபரேட்டர், அவன் அதில் வெட்டுகிற அச்சை, டையை, செட் பண்ணுகிறவன். பாட்டில் இருக்கிற ஒரு பெண்ணுக்காக இப்படி முறைத்துக்கொள்வோம் என்று நினைக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

டில்லி பேசவில்லை. நானும் பேசவில்லை. இயர்போன் மட்டும் இரண்டு பேர் காதிலும் இருந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

டில்லி லீவு. தங்கச்சி குழந்தைக்குக் காது குத்தல். அவன் நசரத்பேட்டையிலேயே ஏறி எனக்கு இடம் பிடித்து வைப்பவன், இன்று ஜன்னல் சீட்டே எனக்கு.

நேற்று ஒரு சந்தேகம் வந்திருந்தது. இரண்டு வருஷமாக அவனுடைய இயர்போனைத்தான் பங்கு போட்டுக் கேட்கிறோம். எல் என்று எழுதியிருக்கிற இடது பக்கம் எப்போதும் எனக்கு, ஆர் அவனுக்கு. அவள் குரலை வலது பக்கம் மட்டும் வைத்துத் தொலைத்திருந்தால்? அப்படியானால் அவன் சொன்னது சரி, நான் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். வீட்டில் என் பழைய இயர்போனைத் தேடி எடுத்து, கொஞ்சம் பயத்தோடுதான் மாட்டினேன்.

எல் இடது காதில், ஆர் வலது காதில். அயனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போகும்வரை ஒரு தடவை. சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு தடவை. திரும்பி வரும்போது ஒரு தடவை. மூன்று தடவையும் அவன் மட்டும்தான் கேட்கிறான். பெண் இல்லை. பெண்ணே இல்லை.

ஆக டில்லி வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறான். விடப்போவதில்லை. எழுத்தில் போடுகிறேன், ஊர் பார்க்கட்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையிலிருந்து எழுதி மத்தியானம் முடித்தேன். எட்டுப் பாட்டுக்கும் எழுதினேன். முதல் பாட்டு 'மதகு' இரண்டே நிமிஷம், வார்த்தையே கிடையாது, கிடார் மட்டும். ஆனால் அதே ட்யூன்தான் கடைசிப் பாட்டில் தண்ணீர் வழியும்போது திரும்ப வருகிறது, இதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். மூன்றாவது பாட்டு ஊருக்காகப் போட்டது, கல்யாண மண்டபத்தில்கூட ஓடும், போகட்டும் என்று மன்னித்துவிட்டேன். ஐந்தாவதில் பாடகன் கௌதம் 'மாடிப்படி' என்று இழுத்துப் பாடுகிற இடத்தில் தாளம் ஐந்திலிருந்து ஆறுக்குப் போகிறது. குவார்ட்டர்ஸ் படியில் இருட்டில் ஏறினால் கடைசியில் ஒரு படி கூடுதலாக வருமே, அப்படி இருக்கும்.

பிறகு ஆறாவது. 'பதில் வராத இடத்தில் பதில் போடாமல் விடுவதற்குத் தைரியம் வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அங்கே ஒரு பெண் குரலைத் திணித்திருப்பார்கள். இவர்கள் திணிக்கவில்லை' என்று எழுதினேன். ரசிகர் பக்கத்தில் போட்டாயிற்று.

ஷோபனா மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டாளாம். காதில் விழவில்லை. தட்டைக் கொண்டுவந்து என் இடது பக்கம் வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பிரஸ்ஸுக்குச் சந்தனம், மாலை, பொரி. எல்லா மெஷினும் நின்றிருக்க நாங்கள் எல்லோரும் ஷாப்பில் நிற்பது வருஷத்தில் இந்த ஒரு நாள்தான். அப்போதும் எனக்கு 'கொய்ங்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டியூப் லைட்டாக இருக்கும்.

பூசணிக்காய் உடைத்துவிட்டு போனைப் பார்த்தால், என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 'அண்ணா வேற ஆல்பம் கேட்டுட்டாரு.' 'அங்கிளோட ரைட் சைடு அவுட்டு.' பொறுத்துக்கொண்டேன். கடைசியில் கௌதமே எழுதியிருக்கிறான். 'அண்ணா, ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. ஆனா அந்த இடத்துல கார்த்திகா பாடியிருக்காங்க, முழுக்க வலது பக்கம். கேட்டுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவ. நல்ல இயர்போன் போட்டு ஒரு தடவை கேளுங்க.'

பாட்டு போட்டவனே சொல்லிவிட்டான். கூனிக் குறுகிப் போய்விட்டேன். டில்லி பொரியை மென்றுகொண்டே எல்லாவற்றையும் படித்தான்.

"இயர்போன் இல்ல மச்சான். காதக் காட்டு ஒரு வாட்டி டாக்டராண்ட."

"வருஷா வருஷம் கம்பெனி டெஸ்ட்ல பாஸ் பண்ற காதுடா இது" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வை பிடிக்கவில்லை. பழைய இயர்போன், ஒரு பக்கம் போயிருக்கும், அவ்வளவுதான்.

அக்டோபர் 8, புதன்

அசிங்கம். மத்தியானம் என் பிரஸ்ஸில் இருநூறு பீஸ் பிசிறோடு விழுந்திருக்கிறது. தகட்டை வெட்டுகிற டை ஓரத்தில் சின்னதாக உடைந்திருக்கிறது, நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். டை உடைந்தால் சத்தம் மாறும். முதல் அடியிலேயே தெரியும், எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்காகத்தான் எங்கள் ஷாப்பில் யாரும் காதில் அடைப்பான் போடுவதில்லை. போட்டால் டை பேசுவது கேட்காது என்போம். புதுசாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

சூப்பர்வைசர் ஜம்புலிங்கம் சார் திட்டக்கூட இல்லை. "நீயா ஜெகன்?" என்றார். திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவில், முகமது ஆசிக்கின் போன் கடையில் புது இயர்போன் வாங்கினேன். வீட்டுக்கு வரும்வரைகூடப் பொறுக்கவில்லை, பஸ் ஸ்டாண்டிலேயே போட்டுப் பார்த்தேன்.

பெண் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. ஓ.டி.யில் காலை வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் ஆசிக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். வலது பக்கம் வேலை செய்யவில்லை, வேறு கொடு என்று. நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

ஆசிக் பொறுமைசாலி. வாங்கித் துடைத்து, வலது பக்கத்தைத் தன் காதில் வைத்து, நான் காட்டிய இடத்திலிருந்து ஓட்டிப் பார்த்தான். "நல்லாத்தாண்ணே கேக்குது. பொண்ணு பாடுதே" என்றான். எனக்கு ஏறிவிட்டது. நீயும் டில்லியோட ஆளா என்று கேட்டேன். டில்லி யாரென்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"மாத்தி வச்சுப் பாருங்கண்ணே" என்றான். நான் வாங்காமல் நின்றேன். அவனே எட்டி, ஆர் பக்கத்தை என் இடது காதில் வைத்தான், எல் பக்கத்தை வலது காதில்.

கூட்ஸ் வண்டி. தாளம். பிறகு ஒரு ஒல்லிக் குரல், ஓடிவந்து நின்றவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிற மாதிரி: "நிக்கிறேன்."

ஏழு தடவையும் சொன்னாள். நான் காலி என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் இருந்தாள். இப்போது அவனைத்தான் காணோம். அவன் எல் பக்கம் இருக்கிறான், எல் என் வலது காதில் இருக்கிறது. டில்லி கேட்ட பாட்டை இன்றைக்குத்தான் நான் கேட்கிறேன்.

ஆசிக் ஏதோ கேட்டான், வலது பக்கம் நின்றிருந்தான். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவில் வெடி வெடிக்கும்போது எல்லோரும் இரண்டு காதையும் பொத்துகிறார்கள். நான் இடது காதை மட்டும் பொத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வெடி எங்கோ திருவேற்காட்டில் வெடிக்கிற மாதிரி இருந்தது.

ஷோபனாவிடம் சொன்னேன். அவள் அதிரசத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷமா நான் உங்க இடது பக்கமாத்தான் வந்து பேசிட்டிருக்கேன். படுக்கிற இடத்தைக்கூட மாத்தினேன். நீங்க கவனிக்கலை."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். மூணு தடவை. கம்பெனியில பாஸ் பண்ணிட்டேன்னு பேப்பரைக் கொண்டுவந்து காட்டினீங்க."

காட்டினேன். ஆமாம். இரண்டு வருஷமாக ஒருத்தி என்னைச் சுற்றி நடந்து வந்து பேசியிருக்கிறாள், நான் தாளம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன மனுஷன் நான்.

அக்டோபர் 30, வியாழன்

பூந்தமல்லியில் காது டாக்டர். வலது காது பெரும்பாலும் போய்விட்டது, அது திரும்பாது. இடது காதிலும் மெல்லிய சத்தங்கள் போக ஆரம்பித்திருக்கின்றன. பிரஸ் சத்தம்தான். இப்படியே அங்கே நின்றால் அதுவும் அதே வழியில் போகும், இன்னும் சில வருஷம் என்றார். கருவி வைக்கலாமா என்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார். பிறகு, "கம்பெனியில வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணுவாங்களே, எப்படி விட்டாங்க?" என்று கேட்டார். நான் அவர் கொடுத்த பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இங்கேயாவது எழுதுகிறேன். டெஸ்ட் வேன் வரும். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். 'பீப்' கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் இடது காது, பிறகு வலது. மத்தியானத்துக்குள் நூற்றுச் சொச்சம் பேரை முடிக்கிற அவசரத்தில், டெஸ்ட் எடுக்கிறவர் கை ஒரே தாளத்தில் போகும். இடது காதில் எனக்கு அது பிடிபட்டுவிடும். ஏழு எண்ணினால் ஒரு பீப். வலது காதில் ஒன்றும் கேட்காதபோது, சளி, காது அடைத்திருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டு, ஏழு எண்ணி ஏழு எண்ணி அமுக்கினேன். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும். லெவல் கிராசிங் பாட்டு கேட்டுக் கேட்டுப் பழகிய ஏழு. தூக்கத்தில்கூட எனக்குத் தப்பாது.

அதோடு விட்டேனா? டீ நேரத்தில் பெருமையாக ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். காதில் ஃபெயில் ஆனால் பிரஸ்ஸிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். நான் விரலால் மேஜையில் தட்டிக் காட்டினேன். டில்லிக்கும்.

நவம்பர் 3, திங்கள்

நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். டெஸ்ட் வேன் 20ஆம் தேதி.

இந்தத் தடவை எண்ண மாட்டேன். எழுதி வைத்துவிட்டால் மாற மாட்டேன் என்பதற்காக எழுதி வைக்கிறேன். எண்ண மாட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

டில்லியிடம் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். பெண் இருக்கிறாள், நீ சொன்னது சரி, மன்னிச்சுக்கோ என்றேன். வெளியே பார்த்துக்கொண்டே, "அத உடு" என்றான். காது போனதைச் சொன்னபோது திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். டெஸ்டில் எண்ணப்போவதில்லை, மற்ற ஐந்து பேரையும் எண்ண வேண்டாமென்று சொல்லப்போகிறேன் என்றபோது கையை விட்டுவிட்டான்.

"நீ ஃபெயில் ஆவறன்னா ஆவு. எங்கள இன்னாத்துக்கு இஸ்துகினு போற?"

"உன் காதும் போயிருந்தா?"

"போயிருந்தா போய்கினு போவுது. டை செட்டிங் தவிர எனக்கு இன்னா தெரியும்? என்னக் கொண்டுபோயி ஸ்டோர்ல அட்டப்பொட்டி ஒட்ட உட்டா நீ வந்து ஒட்டுவியா?"

அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. இறங்கும்போது இயர்போனைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

நவம்பர் 10, திங்கள்

டில்லி இடம் பிடித்து வைக்கவில்லை. அத்திப்பட்டு வரை நின்றுகொண்டே போனேன்.

நவம்பர் 12, புதன்

டீ நேரத்தில் ஐந்து பேரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். டில்லி வரவில்லை, தள்ளி நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். எண்ணாதீங்கப்பா, கேட்டா அமுக்குங்க, கேக்கலன்னா விடுங்க என்றேன். டாக்டர் கொடுத்த பேப்பரைக் காட்டினேன். அதில் கோடு இறங்குகிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

உதயகுமார்தான் கேட்டான், "அண்ணாத்தே, கத்துக்குடுத்ததே நீதான. இப்ப நீயே வாணான்ற."

"நான் கத்துக்குடுத்ததாலதான் நானே வந்து சொல்றேன். வேற யாரு சொல்லுவா?"

டீ ஆறிப்போய்விட்டது. மனசு மட்டும் கொஞ்சம் லேசாக இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

நாளைக்கு. ஷோபனா இன்று என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை.

நவம்பர் 20, வியாழன்

முடிந்தது.

எனக்கு முன்னால் நாற்பது பேர். எனக்குப் பின்னால் பெஞ்சில் டில்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. உள்ளே போனேன். இடது காது. பீப், பீப். ஒரு நிமிஷத்தில் தாளம் பிடிபட்டுவிட்டது, நான் கேட்காமலே. அதே ஏழு. பாவி மனசு எண்ண ஆரம்பித்துவிட்டது.

வலது காதுக்கு மாற்றினார். நிசப்தம். கட்டை விரல் பட்டன்மேல் துடிக்கிறது. நாலு, ஐந்து, ஆறு. எண்ணக் கூடாது என்று நினைத்தால் இன்னும் பலமாக எண்ணுகிறது. அமுக்கினால் போதும், என் பிரஸ் எனக்கு. அப்போது கடைசிப் பாட்டு ஞாபகம் வந்தது. அதில் தண்ணீர் வழிகிற இடத்தில் தாளமே கிடையாது. கிடார் ஒன்று, 'மதகு' ட்யூனை இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன், எண்ணவே முடியாது. கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை மனசுக்குள் ஓட்டினேன். ஏழு கலைந்தது. விரல் அடங்கியது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. டெஸ்ட் எடுக்கிறவர் கதவைத் திறந்து, "அண்ணே, பட்டனை அமுக்குங்க" என்றார்.

"கேட்டாத்தானேப்பா அமுக்க முடியும்" என்றேன்.

அவர் மறுபடி முதலிலிருந்து பொறுமையாக எடுத்தார். வெளியே வந்தபோது டில்லி என்னைப் பார்த்தான். கதவு திறந்தபோது நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்கும். எழுந்து உள்ளே போனான். அவனுக்கும் வெளியே வர நேரம் ஆயிற்று.

சாயங்காலம் பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டில் அவன் டிபன் பை இருந்தது. நான் வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அயனம்பாக்கம் வரப்போகும்போதுதான் பேசினான்.

"எனக்கும் ஒரு பக்கம் நாலஞ்சு பீப்பு உட்டுப்போச்சு மச்சான்."

"எண்ணலையா?"

"நீ உள்ள குந்திகினு அமுக்காம கீற. நான் இன்னாத்த எண்றது?"

டிசம்பர் 4, வியாழன்

ரிசல்ட் வந்துவிட்டது. எங்கள் ஏழு பேரில் நாலு பேருக்குக் காதில் குறை. டில்லிக்குக் கொஞ்சம்தான், அதே வேலையில் இருக்கலாம். ஆனால் இனி ஷாப்பில் காதுமூடி மாட்டாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. டை உடைகிறதா என்று பார்க்க மணிக்கொரு தடவை பீஸை எடுத்து அளக்க வேண்டுமாம். இத்தனை வருஷமாக இதைச் செய்ய முடியாதென்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம், அதில் நான்தான் முதல் ஆள்.

என்னைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். அளவு பார்க்கிற அறை, கண்ணாடிக் கதவு, ஏசி. நல்ல வேலைதான். கௌரவமான வேலைதான். ஜம்புலிங்கம் சார் தோளில் தட்டிக்கொடுத்தார். நான் போய்ப் பிரஸ்ஸைத் துணியால் துடைத்து உதயகுமாரிடம் கொடுத்துவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் அழுதேன். பதினாறு வருஷம். அழாமல் என்ன செய்வது?

ஆனால் திரும்பப் போய்க் கேட்க மாட்டேன். இடது காது ஒன்று மிச்சமிருக்கிறது. அதை விடமாட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆசிக் கடைக்குப் போனேன், தீபாவளிக் கத்தலுக்கு ஈடாக இனிப்போடு. போனில் ஒரு செட்டிங் இருக்கிறது, இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே காதுக்குக் கொடுக்கும் என்று போட்டுக் காட்டினான். கேட்டேன். அவனும் அவளும் ஒருவர் தோள்மேல் ஒருவர் நிற்கிற மாதிரி இருந்தது. நடுவில் தண்டவாளமே இல்லை. அப்புறம் எதற்குக் கேட், எதற்குக் கூட்ஸ் வண்டி? வேண்டாம் தம்பி, எடுத்துவிடு என்றேன்.

நான் என் வழியில் கேட்கிறேன். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தடவை. முதலில் எல் பக்கத்தை இடது காதில் வைத்து, பிறகு ஆர் பக்கத்தை இடது காதில் வைத்து. ஊருக்கெல்லாம் 'கலங்கல்' ஐம்பத்தோரு நிமிஷம். எனக்கு ஒரு மணி நாற்பத்திரண்டு நிமிஷம். எனக்குத்தான் லாபம்.

ரசிகர் பக்கத்திலும் எழுதிவிட்டேன். 'ஏழாம் நம்பர் கேட்டில் பதில் இல்லை என்று எழுதியிருந்தேன். தப்பு. அவள் ஏழு தடவையும் பதில் சொல்கிறாள். எனக்குத்தான் கேட்கவில்லை. பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிற யாராவது இதைப் படித்தால், இயர்போனை ஒரு தடவை மாற்றி வைத்துப் பாருங்கள்.' இந்தத் தடவை யாரும் கிழிக்கவில்லை. பட்டாபிராமிலிருந்து ஒருவர், மாற்றி வைத்துப் பார்த்தேன், நாளை டாக்டரிடம் போகிறேன் என்று எழுதியிருக்கிறார்.

ஜனவரி 20, செவ்வாய்

பொங்கல் லீவு முடிந்து இன்று வேலை. ஷோபனா வாசல்வரை வந்து, இடது பக்கமாக நின்று, கருப்புக் கவரில் கரும்புத் துண்டு வைத்திருக்கிறேன், டில்லி அண்ணனுக்கு என்றாள். முழுசாகக் கேட்டது.

டில்லி ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டான். தன் இடத்தை அவன் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. "நீ ஜன்னலாண்ட போ. அப்பதான் உன் இடது காது எம்பக்கம் வரும், நான் பேசறது உனுக்குக் கேக்கும்" என்றான். பிறகு இயர்போனை எடுத்து, எதைக் கொடுப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்தான்.

"போறப்போ அவன். வர்றப்போ அவ. சரியா?"

சரி என்றேன்.

காலையில் அத்திப்பட்டு தாண்டும்போது அவன் ஏழு தடவை கேட்டான், நிக்கிறியா என்று. போய் எட்டு மணி நேரம் பீஸ் அளந்தேன். சாயங்காலம் அதே அத்திப்பட்டில், பஸ் சிக்னலில் நின்றபோது, அவள் சொன்னாள்.

"நிக்கிறேன்."